வாசுகிக்குக் காளியப்பன் படித்துக்காட்ட வேண்டிய கடிதம்

தம்போய், ஜொகூர் பாரு
ஞாயிறு காலை

என் பிரியமுள்ள வாசுகிக்கு,

பிரேமலா எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஜெயபாலனும் சுகம். மகள் ஷாமளாவும் மருமகன் குணாளனும் சுகம். நீ சுகமா என்று முறைப்படி கேட்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்குகிறாய், சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது. எல்லாம் எனக்குத் தெரியும். கிட்னி கைவிட்டபோது நானும் இப்படித்தான் கிடந்தேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் கேட்பதே இல்லை. சிபுவில் ஆசிரியை வேலை பார்க்கும் உன் மகள் பிரவீனா அழுதால் அவளுக்கும் திட்டு விழுகிறது. கடிதத்தை எப்படிப் பாதியில் வைப்பாய், பார்க்கிறேன்.

தபாலிலும் போடவில்லை. குணாளன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இன்று சாயங்காலம் காஹாங் வந்துவிடுவான். இரவு உங்கள் வீட்டில்தான் தங்குவான். நாளைக் காலை உன்னைக் காரில் ஏற்றிக் குளுவாங் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது அவன் வேலை. நாளைக்குத்தான் நெஞ்சில் குழாய் வைக்க டாக்டர் நாள் குறித்திருக்கிறார். நீ போகமாட்டேன் என்கிறாய். நீ போவாய் என்று நான் சொல்கிறேன். யார் சொல்வது நடக்கிறது என்று பார்ப்போம்.

உனக்குக் கண் மங்கிவிட்டது, எழுத்தெல்லாம் புகையாகத் தெரிகிறது என்றாய். அப்படியானால் இதை உன் வீட்டுக்காரர் காளியப்பன் அண்ணன்தான் படித்துக்காட்டுவார். தெரிந்துதான் எழுதுகிறேன். அண்ணே, வணக்கம். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சத்தமாகப் படிக்க வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, நடுவில் முழுங்கக்கூடாது. வாசுகி காகிதத்தைப் பிடுங்க வந்தால் எழுந்து தள்ளி நின்று படியுங்கள். அவளால் இப்போது துரத்த முடியாது.

முதலில் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அது தடித்து, ஊசி குத்துகிற பக்குவத்துக்கு வர இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். உடம்பு அதுவரை காத்திருக்காது. ரத்தத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இதை டாக்டர் உன்னிடம் மலாயில் சொன்னார். பிரவீனா தமிழில் சொன்னாள். இப்போது நானும் எழுதிவிட்டேன். கை தயாராகும்வரை ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் குழாய். எனக்குக் கை ஆபரேஷன் இரண்டு தடவையும் சரிப்படவில்லை. அதனால் குழாயை வைத்தேதான் ஓடுகிறேன். ஓடுகிறேன் என்றால் நிஜமாகவே ஓடுகிறேன். விடியற்காலை எழுந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டி, ஜெயபாலன் வேலை செய்கிற பட்டறை வாசலில் கடை போட்டு, காலை பத்து மணிக்குள் விற்றுவிட்டு, அதன் பிறகுதான் டயாலிசிஸ் போகிறேன்.

குழாய் தொங்கினால் ஊர் பார்த்துச் சிரிக்கும் என்றாயாமே? அண்ணன் சொன்னார். எங்கே தொங்குகிறது? கழுத்தின் அடியில் பெரிய ரத்தக்குழாயில் நுழைத்து, தோலுக்கடியிலேயே கொஞ்ச தூரம் ஓட்டி, நெஞ்சில் வெளியே எடுக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிடுவார்கள். அழுத்துகிறது தெரியும், பெரிய வலி கிடையாது. வெளியே இருப்பது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. நுனியில் இரண்டு கிளை. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு நீல மூடி. ஒட்டுத்துணி போட்டு மூடி, மேலே சட்டை போட்டுவிட்டால் முடிந்தது. என் கடையில் தினமும் வாங்கித் தின்கிறவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

எங்கள் டயாலிசிஸ் நிலையத்தில் எலைன் என்று ஒரு நர்ஸ். மாசாயிலிருந்து வருகிற கிறிஸ்துவப் பெண். வாய் கொஞ்சம் அதிகம், கை படு சுத்தம். குழாயின் மூடியைத் திறக்கும் முன் அவளும் முகமூடி போடுவாள், எனக்கும் போட்டுவிடுவாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பச் சொல்வாள். நம் மூச்சுக்காற்றுகூட அதில் படக்கூடாது. மருந்து போட்டுத் தேய்த்துவிட்டுக் காயும்வரை சும்மா நிற்பாள். காயாமல் தொடவே மாட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கும், கம்ப்யூட்டர் சில்லு செய்கிற ஃபேக்டரியில் நாம் ஒரே லைனில் இருந்தபோது தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒரு தூசு விழுந்தாலும் சூப்பர்வைசர் குதிப்பாரே. அங்கே சில்லுக்குக் கிடைத்த மரியாதை இங்கே என் நெஞ்சுக்குக் கிடைக்கிறது.

ஒரு நாள் நான் வெங்காய விலையைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தேன். எலைன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். "அக்கா, வாயை மூடுங்க லா. நீங்க மூடுனாத்தான் நான் இந்த மூடிய தொறப்பேன்" என்றாள். நான் மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஜெயபாலனிடம் சொன்னால், அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டுமோ வாங்கிக் கொடு என்கிறார்.

ரத்தம் சுத்தமான பிறகு, குழாய்க்குள் ரத்தம் உறையாமல் இருக்க மருந்தை நிரப்பிப் பூட்டி அனுப்புவார்கள். ஒட்டுத்துணி மாற்றுவதும் அங்கேதான். ஆக வீட்டில் நமக்கு வேலையே குறைவு. தொடாமல் இருப்பதுதான் வேலை. மூடியைத் தொடாதே, கிளிப்பைத் தொடாதே. வேறு வார்டில் யாராவது அதில் ரத்தம் எடுக்க வந்தால், இது டயாலிசிஸுக்கு மட்டும்தான் என்று சத்தம் போடு. உனக்குச் சத்தம் போட நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தரிக்கோல் அந்தப் பக்கமே வரக்கூடாது. பவுடர், எண்ணெய், சந்தனம், திருநீறு எல்லாம் நெற்றியோடு நிற்கட்டும். முதல் சில வாரம் தோலுக்கடியில் சதை வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும்வரை தையல்தான் அதற்குப் பிடிப்பு. அதனால் வாளி தூக்காதே, துணி பிழியாதே. அண்ணன் பிழிவார்.

அண்ணே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. அவளுக்குக் கண் சரியில்லை. தினமும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒட்டுத்துணி ஓரம் தூக்கியிருக்கிறதா, நனைந்திருக்கிறதா, சுற்றிச் சிவந்திருக்கிறதா, சீழ் மாதிரி ஏதாவது கசிகிறதா என்று பாருங்கள். கண்ணால் மட்டும் பாருங்கள், விரல் வைக்காதீர்கள். அவளுக்குக் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் பனடோல் மாத்திரை கொடுத்துப் போர்த்திவிடக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது எந்த நேரமானாலும் சரி. தப்பித் தவறிக் குழாய் வெளியே வந்துவிட்டால் சுத்தமான துணியை வைத்து நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்துவைத்திருந்தால் கை நடுங்காது.

அப்புறம் உன் குளியல். தலையில் வாளியைக் கவிழ்த்தால்தான் உனக்குக் குளித்த மாதிரி இருக்கும், அறிவேன். இடுப்புக்குக் கீழே தாராளமாக ஊற்றிக்கொள். மேலே துணியை நனைத்துத் துடைத்துக்கொள். தலை அலச ஜெயபாலன் ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என் தலையைப் பின்பக்கமாக வாஷ்பேசினில் சாய்த்து, சலூனில் செய்கிற மாதிரி அலசிவிடுகிறார். நெஞ்சில் ஒரு சொட்டு விழாது. முதல் நாள் ஷாம்பூவைப் பாதி பாட்டில் கொட்டிவிட்டார். இப்போது கைப்பக்குவம் வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவருக்குத் தலை அலசத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

காரில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதையும் பார்த்துக்கொள். பொதுவாக வலது பக்கம்தான் குழாய் வைப்பார்கள். அப்படியானால் நீ முன் சீட்டில் உட்காரலாம். பெல்ட் இடது தோளில் வரும், குழாயில் உரசாது. எனக்கு இப்போது இடது பக்கம் இருக்கிறது. அதனால் ஜெயபாலனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் டிரைவர் மாதிரியும் நான் முதலாளியம்மா மாதிரியும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய் இறங்குகிறோம்.

எனக்கு ஏன் இடது பக்கம் என்று நீ கேட்கவேயில்லை. இப்போது சொல்கிறேன். அண்ணே, தொண்டை காய்ந்திருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அவளுக்குக் கொடுக்காதீர்கள், அவளுக்கு அளவுத் தண்ணீர்தான்.

முதல் குழாயை வலது பக்கம்தான் வைத்தார்கள். வைக்கிறதற்கு முன் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிக் கொடுத்தேன். ஜெயபாலன் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால், அவருடைய அக்கா வெள்ளையம்மா மூவாரிலிருந்து வந்து வாசலிலேயே நிற்கிறார். "புருஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான், நீ மூளிக் கழுத்தோட வீட்டுக்குள்ள வர்றியா?" என்று கேட்டார். எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. தங்கக்கொடி கனம், குழாயில் மாட்டும். அதனால் நானும் ஜெயபாலனும் யோசித்து மஞ்சள் கயிறு வாங்கிவந்தோம். புதுக் கயிற்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, தாலியைக் கோத்து, சாமி படத்துக்கு முன்னால் அவர் மூன்று முடிச்சு போட்டார். இரண்டாந்தடவை கல்யாணம் ஆன மாதிரி இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம்.

அந்த ஈரக் கயிறு சரியாக ஒட்டுத்துணி மேல் வந்து படுத்துக்கொண்டது. மஞ்சள் தண்ணீர் இறங்கி ஓரமெல்லாம் ஊறிவிட்டது. மஞ்சள்தானே, கிருமியைக் கொல்லும், ஆஸ்பத்திரி மருந்தைவிட நல்லது என்று நான் சொன்னேன். ஜெயபாலனும் தலையை ஆட்டினார். மறுநாள் எலைன் பார்த்தாள். "அலமாக், என்னக்கா இது?" என்று கத்தியவள், ஒட்டுத்துணியை உடனே மாற்றினாள். கயிற்றைக் கழற்றச் சொன்னாள். மாட்டேன் என்றேன். அவள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, ஈரம், வேர்வை, மஞ்சள் எல்லாம் சேர்ந்து ஓட்டைக்கு மேலேயே உக்காந்திருக்கு. உள்ள போனா எங்க போகும்? நேரா ரத்தத்துக்குத்தான் போகும்" என்றாள். சரி என்று கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டேன். கயிறு சொன்னபடி கேட்குமா? தூக்கத்தில் புரண்டால் முன்னால் வந்து குழாயைச் சுற்றிக்கொண்டது.

அடுத்த வாரம் மெஷினில் படுத்திருக்கும்போதே நடுக்கம் வந்தது. அப்படி ஒரு நடுக்கத்தை நான் பார்த்ததில்லை, வாசுகி. பல் கிட்டிக்கொண்டது. கட்டில் கடகடவென்று ஆடியது. எலைன் போர்வைமேல் போர்வையாகப் போட்டுக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ரத்தத்தில் கிருமி. அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். கிருமி போகும்வரை மருந்து ஏற்றி, பிறகுதான் இடது பக்கம் இன்னொன்றை வைத்தார்கள். கயிறுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டே போனால் குழாய் வைக்க உடம்பில் இடம் மிஞ்சாது என்று ஒளிக்காமல் சொன்னார். அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலிக் கழுத்தோடு படுத்திருக்க என்னால் முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். வெள்ளையம்மா அக்கா தாலியைச் சாமி மாடத்தில் வைக்கலாம் என்றார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஜெயபாலன், கயிற்றிலிருந்து தாலியை எடுத்துத் திரும்பக் கோத்து வைத்திருந்த தங்கக்கொடியைப் பையிலிருந்து எடுத்தார். எனக்குத்தான் போடப்போகிறார் என்று பயந்துபோய்க் கையை நீட்டித் தடுத்தேன். அவர் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "ஒன் கழுத்துல இருந்தா என்ன, என் கழுத்துல இருந்தா என்ன? நம்ம வீட்டுல ஒரு கழுத்துல இருந்தா போதாதா?" என்றார். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாள் என்னவென்றே புரியாமல் கைதட்டினார். வெள்ளையம்மா அக்கா வாயில் கை வைத்தபடி வெளியே போனவர், தீபாவளிவரைக்கும் எங்களோடு பேசவில்லை. அப்புறம் அவராகவே முறுக்கோடு வந்தார்.

அன்றிலிருந்து தாலி அவர் கழுத்தில்தான். பட்டறையில் வெல்டிங் அடிக்கும்போது சட்டைக்குள் விட்டுக்கொள்கிறார். ஒரு நாள் குனிந்தபோது வெளியே வந்துவிட்டது. பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே, பார்த்துவிட்டு, என்ன இது, புதுச் சங்கிலியா என்று கேட்டிருக்கிறார். "பினி பூஞா லா, தவுக்கே. பெண்டாட்டியோடது. அவளுக்கு ஒடம்பு சரியில்ல, நான் போட்டிருக்கேன்" என்று இவர் பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொன்னாராம். தவுக்கே ஒன்றும் கேலி செய்யவில்லை. அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். கல்யாண வீடுகளில் என் கழுத்தையும் அவர் கழுத்தையும் மாறி மாறிப் பார்க்கிறவர்கள் உண்டு. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் நன்றாக இருக்கிறார். நானும் நன்றாக இருக்கிறேன். இந்தக் குழாய் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது, ஒரு காய்ச்சல் கிடையாது.

இப்போது அண்ணன், இவள் ஏன் இத்தனை தூரம் தாலிக் கதை பேசுகிறாள் என்று யோசிப்பார். அண்ணே, இனிமேல் வருவதை எக்காரணம் கொண்டும் நிறுத்தாமல் படிக்க வேண்டும்.

வாசுகி, வியாழக்கிழமை நீ குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அண்ணனுக்குக் கேட்கக்கூடாது என்று குசுகுசுவென்று போனில் என்னிடம் பேசினாயே. "அவருக்கு அடைப்புக்கு நெஞ்சுல கம்பி வச்சி ஒரு வருஷம்கூட ஆகல, பிரேமா. ஆஸ்பத்திரியில கழுத்துல ஒண்ணும் இருக்கக்கூடாதுங்கிறாங்க. எங்கம்மா கழட்டுனாங்க, எங்கப்பா போய்ட்டாரு. நான் செத்தாலும் பரவால்ல, கழட்ட மாட்டேன்" என்றாய். குழாய்க்குப் பயம், ஊர் சிரிக்கும் என்பதெல்லாம் அண்ணனுக்குச் சொன்ன சாக்கு. நிஜக் காரணம் இதுதான். இதை அவரிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியமும் வாங்கினாய். நான் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன். அவர் படிக்கிறார் என்றால் அதற்கு நான் என்ன செய்வேன்?

அண்ணே, குரல் தடுமாறினால் பரவாயில்லை. மெதுவாகப் படியுங்கள், அவள் எங்கேயும் போகமாட்டாள்.

உன் பயத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை, வாசுகி. உன் அம்மா கருப்பாயி கழுத்துக் கட்டி ஆபரேஷனுக்காகத் தாலியைக் கழற்றினார். அந்த மாதமே உன் அப்பா போய்ச் சேர்ந்தார். அந்தச் சாவுக்கு ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு உன்னோடு பஸ்ஸில் வந்தவள் நான். உன் அம்மா தன் கையையே அறைந்துகொண்டு அழுததை நானும் பார்த்தேன். ஆனால் அதே பஸ்ஸில் நீ என்னிடம் என்ன சொன்னாய்? அப்பா ஒரு வருஷமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், டாக்டரிடம் போகச் சொன்னால் சுடுதண்ணீர் குடித்தால் போதும் என்று சொல்லிவிட்டார் என்றாய். அப்பாவை மருந்து பார்க்காத வியாதி கொண்டுபோனது. அம்மா பாவம், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நீ அதை எடுத்து உன் தலையில் வைத்திருக்கிறாய்.

நீ குளியலறையிலிருந்து பேசிய மறுநாள் அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டார். வேலை செய்கிற ஆலைக்குப் பின்னால் நின்று பேசியிருப்பார் போல, லாரிச் சத்தம் கேட்டது. அவரைப் பொறுத்தவரை நீ குழாய்க்குப் பயந்துதான் மறுக்கிறாய். அண்ணே, நீங்கள் அன்றைக்குச் சொன்னதை அப்படியே கீழே எழுதுகிறேன். உங்கள் வார்த்தைதான், படிக்கக் கூச்சம் வேண்டாம்.

"தங்கச்சி, டாக்டரு நெஞ்சுல கம்பிய வச்சி அனுப்பிட்டாரு. அதுக்கப்புறம் என்னை நடமாட வச்சது அவதான். எந்த மாத்திரை காலையில, எந்த மாத்திரை ராத்திரின்னுகூட எனக்குத் தெரியாது. அவ கையில வச்சி நீட்டுவா, நான் முழுங்குவேன். அவ போய்ட்டா நானும் ரொம்ப நாள் இருக்கமாட்டேன். இத அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

இப்போது சொல்லிவிட்டீர்கள், அண்ணே.

கேட்டாயா, வாசுகி? அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று நீ அதைக் கழற்றாமல் இருக்கிறாய். கழற்றாவிட்டால் நீ இருக்கமாட்டாய். நீ இல்லாவிட்டால் அவர் இருக்கமாட்டேன் என்கிறார். அடி பைத்தியக்காரி, யாரைக் காப்பாற்றுகிறாய் நீ? உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் காஹாங் நம்பராக இருக்கக்கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டுதான் எடுத்துப் பார்க்கிறேன். உன்னை இழக்க எனக்குத் தெம்பு இல்லை.

குணாளனிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகள் இருக்கின்றன. எல்லாம் நான் போட்டுப் பழகியவை, கழுத்து தாராளமாக இருக்கும், ஒட்டுத்துணி மாற்ற வசதி. நாளைக் காலை அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பு. உங்கள் பக்கம் மழை பெய்தால் ரோடு வழுக்கும், சீக்கிரமே புறப்பட்டுவிடுங்கள்.

அண்ணே, கடைசியாக உங்களுக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டுத் தாலியைக் கழற்றுகிற நிலை வர வேண்டாம். வாசுகி தன் கையாலும் கழற்ற வேண்டாம், அவளால் அது முடியாது. கட்டியவர் நீங்கள். இன்றைக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு, உங்கள் கையாலேயே எடுத்து உங்கள் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அவளுக்குக் கை தயாராகி, டாக்டர் குழாயை எடுத்த அன்றைக்கு நீங்களே திரும்பக் கட்டுங்கள். நானும் ஜெயபாலனும் வந்து நிற்கிறோம். அதுவரை யாராவது ஏதாவது கேட்டால், தம்போயில் எங்கள் மச்சானும் இப்படித்தான் போட்டிருக்கிறார் என்று சொல்லுங்கள்.

வாசுகி, இத்தனை வருஷமாக யார் காலில் விழுந்தாலும் நம்மைத் தீர்க்க சுமங்கலியாக இரு என்றுதான் வாழ்த்துகிறார்கள். புருஷனுக்கு முன்னால் நாம் போய்விட வேண்டும் என்பதுதானே அதற்கு அர்த்தம்? இன்றைக்கு உனக்கு அந்த வாழ்த்தை எழுத எனக்கு மனசு வரவில்லை. பெண்டாட்டி நன்றாக இருக்க வேண்டும் என்று ஆம்பிளைகளை யாரும் வாழ்த்தி நான் கேட்டதும் இல்லை. அதனால் நானே வாழ்த்துகிறேன். வயதில் சின்னவள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காளியப்பன் அண்ணே, உங்கள் வாசுகி உயிரோடு உங்கள் பக்கத்தில் இருக்க, நீங்கள் நூறு வருஷம் வாழ வேண்டும். இதை இன்னொரு தடவை படியுங்கள். அவளுக்குக் கேட்கிற மாதிரி படியுங்கள்.

உங்கள் இருவரையும் விட்டுக்கொடுக்க முடியாத
பிரேமலா